ஷூவைக் கழற்றினால் மூக்கைப் பொத்த வேண்டாம்!

பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து வாசலில் ஷூவைக் கழற்றியதுமே, "ஐயே, என்ன நாத்தம்!" என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம். பாவம், அதுகள் என்ன பண்ணும்? கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஷூவைக் கழற்றக் கூசிக்கொண்டு, கடைசி ஆளாக நிற்கிற பிள்ளைகளும் உண்டு. ஆகவே சகோதரிகளே, திட்டுவதை விட்டுக் காரியத்தைப் பார்ப்போம்.

வியர்வைக்குத் தனியாக அப்படியொன்றும் பெரிய வாடை கிடையாது. பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். மூடின ஷூவுக்குள் ஈரமும் சூடும் சேர்ந்தால், தோலில் இருக்கிற பாக்டீரியாக்கள் பெருகி வியர்வையையும் செத்த தோலையும் சிதைக்கின்றன. அதில் வருவதுதான் இந்த நாற்றம். ஈரத்தைப் போக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. சென்ட் அடித்தால் வாடை மறையுமே தவிர, போகாது.

* கழற்றினதும் லேஸைத் தளர்த்தி, பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். படுக்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். ஈர ஷூவைப் பையிலோ அலமாரியிலோ வைத்து மூடவே கூடாது.

* ராத்திரி ஒவ்வொரு ஷூவிலும் 1 டீஸ்பூன் ஆப்ப சோடா தூவி, காலையில் நன்றாகத் தட்டிவிடுங்கள். தோல் ஷூவுக்கு இது வேண்டாம், வறண்டு வெடிக்கும்.

* உள்ளே கழற்ற வருகிற மெத்தையைத் தனியே சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் காற்றாட உலர்த்துங்கள். கான்வாஸ் ஷூவைக் கொதிக்கிற வெந்நீரில் போடாதீர்கள். பசை விட்டுப் போகும்.

* முடிந்தால் 2 ஜோடி வைத்துக்கொண்டு, நாள் மாற்றி நாள் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்தால்தான் உள்ஈரம் போகும்.

* சாக்ஸை உட்புறம் வெளியே திருப்பித் தினமும் துவைக்க வேண்டும். விளையாட்டு நாளில் பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும்.

* குளிக்கும்போது விரல் இடுக்குகளிலும் சோப்புப் போட்டு, பிறகு ஈரம் போகத் துடைக்கப் பழக்குங்கள்.

இவ்வளவு செய்தும் வாடை போகாவிட்டால் காலைப் பாருங்கள். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து அரித்தால் அது சேற்றுப்புண், பூஞ்சையால் வருவது. உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால் அது பாக்டீரியாவின் வேலை. இரண்டுக்கும் டாக்டரிடம் மருந்து இருக்கிறது. அதுவரை அந்தத் துண்டையும் சாக்ஸையும் மற்றவர்கள் தொட வேண்டாம்.

வாக்கிங் போகிற பெரியவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், கைவைத்தியம் எதுவும் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்து, காயம் பட்டதே தெரியாமல் போகலாம். அவருடைய பாதத்தைத் தினமும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். சின்னக் கீறல் என்றாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.