வெற்றிலைப் பெட்டியும் வாய்ப்புண்ணும்

"புகையிலை சேர்ப்பதில்லையே, வெறும் பாக்குத்தானே!" என்று சொல்லும் பாட்டிமார் எந்த வீட்டில் இல்லை? ஆனால் வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 2004-ல் வெளியிட்டுவிட்டது.

பாக்கு, கன்னத்தின் உட்புறத்தை நார்போல் இறுக்கிவிடும். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு வாயைத் திறப்பதே கஷ்டமாகும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டாலோ, வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டாலோ, வெண்ணெய் தடவிக்கொண்டு காத்திராதீர்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சகோதரிகள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. வேலப்பன்சாவடியில், 1988-ல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாய், தாடை ரண சிகிச்சைக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு. துளி சதை எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

புற்றுநோயென்றாலும், ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் சிறிய ரண சிகிச்சையோடு போகும். முற்றிவிட்டால் தாடை எலும்பையே அகற்றி, கீழ்க்கால் எலும்பிலிருந்து புதுத் தாடை அமைக்க நேரலாம். இன்று அதுவும் முடிகிற காரியந்தான். ஆனால் அதுவரை ஏன் விடவேண்டும்?

"வலிக்கவில்லையே!" என்பார் பாட்டி. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. ஆகவே, அவர் வாயை இன்றே நல்ல வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்.