பீலிக்கரையில் கால் வழுக்காமல்...

சகோதரிகளே! வீட்டில் யாராவது வழுக்கி விழுந்துவிட்டால் நமது வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை என்ன? "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதுதான். விழுந்தவர் வலியோடு வெட்கத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எழுந்து போவார். அவர் விழுந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுநாள் அதே இடத்தில் இன்னொருவர் கால் வைக்கின்றார். இந்த மாதம் அந்த இடத்தைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகின்றோம்.

மலைநாட்டு வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் தண்ணீர்க் கரையாகவே இருக்கும். தோட்டத்து லயமென்றால் பீலிக்கரை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை போன்ற ஊர்களில் கடைக்குப் பின்னாலுள்ள வீடென்றால் பைப்படியும் சீமெந்துத் தொட்டியும். பள்ளிவாசலென்றால் ஹவ்ழைச் சுற்றியுள்ள தரை. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது, வுழூச் செய்வது எல்லாம் அங்கேதான். அதுவும் எந்த நேரத்தில்? ஸுபஹ் வேளையின் இருட்டில், குளிரில் கால் விறைத்துப் போயிருக்கும்போது! கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு மலைக்கு ஓட வேண்டிய அவசரத்தில், தலையில் அல்லது இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு அந்தத் தரையில்தான் நடக்கின்றார்கள்.

வெயில் செய்யாத வேலை

புத்தளத்திலோ காத்தான்குடியிலோ கிணற்றடி நனைந்தால் வெயில் அதனை விரைவில் காய வைத்துவிடும். நமது மலைகளில் அப்படியல்ல. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே இருக்கின்றது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தது. மழை விட்டால் பனிமூட்டம். ஆகவே பீலிக்கரை முழுதாகக் காய்வதே அபூர்வம்.

ஈரமும் சிறிது வெளிச்சமும் இருந்தால் போதும், பாசி பிடித்துவிடும். அதன்மேல் சவர்க்கார நீர், தலைக்குத் தேய்த்த எண்ணெய், பாத்திரத்துக் கொழுப்பு எல்லாம் படிகின்றன. பாசி பச்சையாகத் தெரியும் முன்னரே தரையில் மெல்லிய வழுவழுப்பு ஏறிவிடுகின்றது. எனவே கண்ணை நம்பாதீர்கள். கையால் தடவிப் பாருங்கள். விரல் சறுக்கினால் காலும் சறுக்கும். சுருங்கச் சொன்னால், மற்ற ஊர்களில் வெயில் செய்யும் வேலையை இங்கே நமது கைதான் செய்ய வேண்டும்.

விழுந்தால் என்ன ஆகும்?

சிறு பிள்ளை விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போகலாம். கர்ப்பிணி விழுந்தால்? உம்மும்மா விழுந்தால்? வயதானவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவது சாதாரண முறிவு அல்ல. படுக்கையில் கிடந்து, படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முறிவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துவிடுகின்றார் என்பது பல நாடுகளிலும் கண்ட அனுபவம். உலகில் ஆண்டொன்றுக்கு 6,84,000 பேர் விழுந்ததனால் மரணிக்கின்றார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம்.

மலை உச்சியிலுள்ள டிவிஷனிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ ஒருவரைக் கொண்டு சேர்ப்பது எத்தனை சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சிரமத்தோடு ஒப்பிட்டால் வாரத்தில் அரை மணி நேரம் தேய்ப்பது பெரிய வேலையா?

எப்படித் தேய்ப்பது?

வாரம் ஒரு முறை, மழைக் காலத்தில் இரண்டு முறை, தரையிலுள்ள வாளி, கல், சாக்கு எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள். முரட்டுத் தும்புத்தடியால் சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாசி ஏறியிருந்தால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தரையில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விட்டு, மீண்டும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். கையுறையும் செருப்பும் அணிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரோடு மலசலகூடம் கழுவும் அசிட்டைச் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

வழுக்காமலிருக்கப் பழைய சாக்கையோ பலகையையோ விரித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதன் அடியில் ஈரம் காயாமல் வழுவழுப்பு ஏறிவிடும்! சாக்கும் காலோடு நழுவும். அதனை எடுத்துவிடுவதே நல்லது. அடி தேய்ந்த றப்பர் செருப்பும் அப்படித்தான். பார்க்க நன்றாக இருந்தாலும் பீலிக்கரைக்கு அது உதவாது.

தரையைப் புதிதாகப் போடும்போது

சீமெந்துப் பால் பூசி, கண்ணாடிபோல் மினுக்கிவிடும் மேசன்மார் இருக்கின்றார்கள். வீட்டின் உள்ளே அது அழகு. தண்ணீர்க் கரையில் ஆபத்து. சீமெந்து இறுகும் முன், நடக்கும் திசைக்குக் குறுக்கே தும்புத்தடியை இழுத்துக் கோடு விழச் செய்யும்படி கேளுங்கள். பழைய தரையானால் உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கலாம். ஓர் அடிக்குக் கால் அங்குலம் வீதம் கான் பக்கமாகச் சரிவு இருக்கட்டும். தண்ணீர் எங்கும் தேங்காது. தேங்காத இடத்தில் நுளம்பும் முட்டையிடாது. மினுங்கும் டைல்ஸ் பதிக்க ஆசைப்பட்டால், சொரசொரப்பான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

படி இறங்கும் இடத்தில் மூன்றடி உயரத்தில் ஓர் இரும்புக் குழாயைக் கைபிடியாக நட்டுவிடுங்கள். ஒரு மின்குமிழும் அவசியம். வுழூச் செய்ய வரும் முதியவர்களுக்கு உட்கார்ந்து கால் கழுவ ஒரு கல் ஆசனம் இருந்தால், ஒற்றைக் காலில் நின்று தடுமாற வேண்டியதில்லை. பள்ளிவாசல் நிர்வாக சபையினரும் இதனைக் கவனிக்கலாம்.

மூடியில்லாத தொட்டி

தண்ணீர்க் கரையில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. அவுஸ்திரேலியாவில் வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்போர், அதனைச் சுற்றி 1.2 மீற்றருக்குக் குறையாத வேலியும் தானாகவே மூடிக்கொள்ளும் கதவும் போட வேண்டுமென்பது சட்டம். தவழும் பிள்ளையும் நடை பழகும் பிள்ளையும் சத்தமில்லாமல் தண்ணீரில் போய்விடும் என்பதனால்தான் அந்தக் கட்டுப்பாடு. நம் வீட்டில் நீச்சல் குளம் இல்லை. ஆனால் திறந்த தொட்டி இருக்கின்றது. அரை வாளித் தண்ணீர் இருக்கின்றது. வாளிக்குள் தலைகீழாக விழுந்த குழந்தையால் தானாக நிமிர முடியாது. சில அங்குல நீரே போதும்.

2021ஆம் ஆண்டில் உலகில் நீரில் மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். அவர்களில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். எனவே தொட்டிக்குப் பாரமான மூடி போடுங்கள். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மூத்த பிள்ளையைக் காவலுக்கு விட்டுத் துவைக்கப் போகாதீர்கள், அதுவும் பிள்ளைதானே!

விழுந்துவிட்டால்...

விழுந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கின்றது என்று முதலில் கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கக் கூடும். நடக்க வைக்காமல், குளிர் ஏறாதவாறு கம்பளியால் போர்த்தி, 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பெடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. தலை அடிபட்டு, வாந்தியோ மயக்கமோ வழமைக்கு மாறான தூக்கமோ வந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதே முதல் உதவி.

யாருடைய வேலை?

பத்துக் குடும்பங்கள் பாவிக்கும் பீலிக்கரை எவருடைய வீட்டுக்கும் சொந்தமில்லை. அதனால்தான் அது தேய்க்கப்படாமல் கிடக்கின்றது. குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த லயத்தில் முஸ்லிம் குடும்பமும் ஹிந்துக் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் இருக்கலாம். பாசி யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. உடைந்த சீமெந்துக்கும் அடைத்த கானுக்கும் எல்லோரும் கையொப்பமிட்டுத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

தேய்க்கும் பாரத்தைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடவும் வேண்டாம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பது ஆண்களுக்கும் சேர்த்துத்தானே! பீலிக்கரையும் ஒரு பாதைதான். தினமும் நமது உம்மாமார் நடக்கும் பாதை. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகளின் கையில் தும்புத்தடியைக் கொடுத்துப் பாருங்கள்.