சிறைக் காவலருக்குத் தற்காப்பு பழக்குங்கள்

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்குகிறவன் நான். என்னிடம் பழகிய பொடியன் ஒருவன் இப்போது சிறைச்சாலை உத்தியோகத்தர். லீவில் வந்தால் கேட்பது இதைத்தான்: "மாஸ்டர், பின்னால வந்து கழுத்தைச் சுத்திப் பிடிச்சா என்ன செய்யிறது?" நாடியை நெஞ்சோடு இறக்கு, சுற்றிய கையை இரண்டு கையாலும் கீழே இழு, இடுப்பைத் தாழ்த்தித் திரும்பு. சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும், உடம்பில் ஊற மாதக்கணக்காகும். வேலையில் சேரும்போது ஒருமுறை பழகியது பத்து வருடத்துக்கு வராது. மாதாமாதம் பாயில் இறங்க வேண்டும்.

கைதிகளை அடிக்கவா பழக்கச் சொல்கிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். வெறுங்கையால் தன்னைக் காக்கத் தெரியாதவன்தான் முதலில் பொல்லைத் தூக்குகிறான், பிறகு துவக்கை. 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறையில் கொரோனாப் பயத்தில் கலவரம் மூண்டது. காவலர்கள் சுட்டார்கள். 11 கைதிகள் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் நூறுக்கு மேல். கொள்ளளவைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களை அடைத்திருந்த சிறை அது. அந்த நெரிசலை எந்தப் பிடியாலும் தீர்க்க முடியாது. அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் தனியொரு கைதி ஆத்திரத்தில் பாயும்போது அவனை நோகாமல் மடக்குவது காவலரின் வேலை. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட மண்டேலா விதிகளில் 82ஆவது விதியும் இதையே கேட்கிறது: பலாத்காரம் தேவைக்கு மிஞ்சக்கூடாது, மூர்க்கமான கைதியை அடக்க உத்தியோகத்தருக்கு விசேட உடற்பயிற்சி கொடுக்க வேண்டும்.

எங்கள் துறைமுகத்தில் கடற்படைக் கல்விக்கழகமே இருக்கிறது, அங்கிருந்து ஆள் எடுத்தால் என்ன என்பார்கள். வேண்டாம். படைவீரர் பழகுவது எதிரியை வீழ்த்த. சிறை உத்தியோகத்தரோ இன்று மடக்கிய ஆளுக்கு நாளைக் காலையில் சாப்பாடு கொடுக்க வேண்டியவர். எலும்பு முறியாமல், மூச்சு அடைக்காமல் பிடிக்கிற வித்தை வேறு. நெஞ்சில் முழங்காலை ஊன்றக்கூடாது என்பதை நான் சிறுவர்களுக்கே முதல் நாளில் சொல்லிவிடுவேன்.

அதற்கும் முன்னால் வாய் இருக்கிறது. "தம்பி, கொஞ்சம் பொறும், கதைப்பம்" என்று தமிழில் சொல்லத் தெரிந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாவட்டத்தில் வேலை செய்யும் சிங்கள உத்தியோகத்தருக்கு அதுவும் தற்காப்புத்தான்.

நீதி அமைச்சும் சிறைச்சாலைகள் திணைக்களமும் திருகோணமலைச் சிறையிலேயே இதைத் தொடங்கட்டும். மாதம் ஒருநாள் பாய் விரித்துப் பிடி பழக்குங்கள், அன்றே ஒரு மணித்தியாலம் தமிழும் படிப்பியுங்கள். பழக்க ஆள் வேண்டுமென்றால் இந்த ஊரில் நாங்கள் இருக்கிறோம்.