கணினி வந்தது, கந்தோர் மாறியதா?

அரசாங்கம் கணினிமயமாகின்றதாம். 2025 பெப்ரவரியில், அரசுக் கட்டணங்களை இணையவழியே செலுத்தும் ‘கவ்பே’ முறையும் தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். கணினிக்கு நாம் பகைவரல்லர். எனினும் திணைக்களத் தலைவர்களை ஒன்று கேட்கிறோம்: மாறுவது கந்தோரா, கந்தோரின் மேசை மட்டுமா?

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கென 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. இன்றும் கமக்காரன் ஒருவன் கணினியில் நிரப்பிய படிவத்தையே அச்சிட்டுக்கொண்டு, கிராம அலுவலரின் கையொப்பத்துக்கும் பிரதேச செயலகத்தின் முத்திரைக்கும் அலைவதைக் காண்கிறோம். அவனுக்கு ஒருநாட் கூலி போயிற்று. அந்தக் கையொப்பத்தை நீக்கும் அதிகாரம் கணினி விற்பவனிடம் இல்லை, செயலாளரிடம் இருக்கிறது. அவரோ விலைமனுக் கோரிப் பொறியை வாங்கியதோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார்.

இந்த அசட்டையின் விலையை 2023இல் நாடு கண்டது. அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைக் கப்பங்கோரும் கணினிக் கிருமி தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5,000. மந்திரி சபை அலுவலகமும் தப்பவில்லை. அக்காலத்துக்குரிய பிரதி எங்கும் இல்லை! பழைய மென்பொருளை மாற்ற 2021இலேயே எண்ணியிருந்தும் பணமில்லை என்று தள்ளிப்போட்டார்களாம். வீட்டு உறுதிக்குப் பிரதி எடுத்துவைக்கும் புத்தி நம் ஊர்க் கிழவிக்கும் உண்டு.

முடியாத காரியமா இது? 2022இல் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டபோது, கியூ.ஆர். குறியீட்டு முறை சில வாரங்களிலே நாடெங்கும் வந்தது. வாகனத்துக்கு இவ்வளவு என்ற விதியை முதலில் தெளிவாக வகுத்தார்கள். பொறி அதற்குப் பணி செய்தது. நெருக்கடி வந்தால் இயலும், சாதாரண நாளில் இயலாதென்றால், குறை பொறியிலா?

மொழியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1956இல் சட்டத்தால் நம்மைத் தள்ளிவைத்தார்கள். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் திணைக்களத் தளங்களிலே ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினால் ஆங்கிலம் விடைகூறுவதைப் பலமுறை கண்டோம். அன்று எழுதுவினைஞன் செய்ததை இன்று பொறி செய்கிறது. வாதாடுவதற்கு எதிரே ஆளுமில்லை.

செயலாளர்மார் தம் திணைக்களப் படிவமொன்றைத் தாமே, தமிழிலே, கைத்தொலைபேசியில் நிரப்பிப் பார்க்கட்டும். எந்தக் கையொப்பத்தை நீக்கினோம், எந்த முத்திரையைக் கைவிட்டோம் என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடட்டும். வாங்கிய பொறிகளின் கணக்கை நாம் கேட்கவில்லை.