மீன் தொட்டியில் நீர் ஓட வழி வேண்டும்

வண்ண மீன் என்றதும் சென்னை கொளத்தூர் நினைவுக்கு வரும். கிணறும் சிறிது கொல்லையும் உள்ள சிறு விவசாயிக்கும் இது ஏற்ற உபதொழிலே. ஆனால் சிமெண்டுத் தொட்டி கட்டுகிறவர்களில் பலர் நீரோட்டத்தை நினைப்பதில்லை.

தண்ணீர் மேலே விழுந்து மேலேயே வழிந்து போகிறது. அடியில் தங்கிய எச்சமும் தின்னாத தீவனமும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்த பிறகே விஷயம் தெரிகிறது. உடனே தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விடுகிறார்கள். இது சரியல்ல. சுவரில் ஒட்டியிருந்து அம்மோனியாவின் நஞ்சைக் குறைத்துவந்த நுண்ணுயிர்களும் இதில் போய்விடுகின்றன. இறைத்தவுடன் விடும் ஆழ்குழாய் நீரில் பிராணவாயுவும் குறைவு. கால் பங்கு நீரை மட்டும் அவ்வப்போது மாற்றுவதே நல்லது.

தொட்டியின் தரை நடுவை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். நடுவில் நீர்மட்ட உயரத்துக்கு ஒரு வடிகுழாயை நிறுத்தி, அதற்கு உறைபோல, நீருக்கு மேலே தெரியும்படி பருமனான குழாய் ஒன்றை மாட்ட வேண்டும். உறையின் அடியில் குஞ்சுகள் நுழையாத அளவில் துளைகள் போதும். வழியும் நீர் அடியிலிருந்தே அழுக்குடன் ஏறிப் போகும். உள்ளே வரும் நீரைச் சுவரோரமாகச் சாய்த்து விட்டால் தொட்டி நீர் சுழன்று கழிவை நடுவே சேர்க்கும். இதற்கு வட்டத் தொட்டியே சிறந்தது. ஓட்டம் மெதுவாக இருக்கட்டும். சண்டை மீனுக்கு வேகம் ஆகாது.

வெளியேறும் நீர் வாழைக்கு நல்ல உரம். அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, உர மூட்டைக்குக் கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்!