நட்டால் போதுமா?

கூண்டு இருக்கிறது, கன்று இல்லை. பெயர்ப்பலகை இருக்கிறது, பூங்கா இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டு பளபளக்கிறது. ஊஞ்சலில் சங்கிலியைக் காணோம். நாட்டில் பல ஊர்களில் நாம் அன்றாடம் காணும் காட்சி இது. எந்த ஓர் ஊரையும் தனியே குறித்து இதை நாம் எழுதவில்லை. ஆனால், இந்த நோய் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்துவிடக்கூடாது. வந்த இடத்தில் நிலைத்துவிடக்கூடாது என்ற கவலையோடுதான் எழுதுகிறோம்.

மரம் நடுவதற்கு இந்த நாட்டில் எதிர்ப்பாளர் யாருமில்லை. மண்வெட்டி பிடிக்கத் தலைவர் வருகிறார். படம் எடுக்க ஆள் வருகிறது. மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யார் வருகிறார்? அவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வரவு செலவுத் திட்டத்தில் விடை இல்லையென்றால், நட்டது மரமல்ல, விளம்பரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே! ஒரு குடியிருப்பில் 500 கன்றுகள் நடுவதாக வைத்துக் கொள்வோம். ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் என்றால், மொத்தம் 5,000 லிட்டர். அதாவது ஒரு தண்ணீர் லாரி. வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்தாலும், மார்ச்சு முதல் ஜூன் முடிய 17 வாரங்களுக்கு 34 லாரி. கன்று வேர்பிடிக்க இரண்டு கோடையாவது தாண்ட வேண்டும். ஆக, 68 லாரி, 3,40,000 லிட்டர். நூற்றுக்குப் பத்துக் கன்று பட்டுப் போனால், மாற்று நட 50 கன்று வேண்டும். ஆடுமாடு கடிக்காமலிருக்க வேலி வேண்டும். களை எடுக்க, பாத்தி கட்ட ஆள் வேண்டும். கன்றின் விலை ஒரு நாள் செலவு; காப்பாற்றும் செலவோ ஆண்டுக் கணக்கில் ஓடும் செலவு. முதல் நாள் செலவை மட்டும் எழுதி நிறுத்திவிட்டு மீதியை மழையின் தலையில் கட்டுவது திட்டமா? ஐப்பசியில் நட்டுவிட்டுச் சித்திரையை மறந்துவிடுவது நிர்வாகமா?

வற்றாத ஆறு இல்லாத மாவட்டம் இது. வெள்ளாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் குளங்களையும் நம்பியே நம் முன்னோர் வாழ்ந்தனர். இங்கே ஒரு மரம் நிழல் தருகிறதென்றால், அதன் பின்னால் யாரோ ஒருவர் சுமந்த தண்ணீர் இருக்கிறது.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வீசிய கஜா புயலை மறந்தவர் இந்த மாவட்டத்தில் உண்டா? ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் மாவும் ஓர் இரவில் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த சாலை மரங்கள் வேரோடு பெயர்ந்தன. மின்கம்பம் சாய்ந்தது, சில நாட்களில், சில வாரங்களில் மறுபடி நட்டார்கள். ஓட்டு வீடு சரிந்தது. எப்படியோ கட்டிக் கொண்டார்கள். ஐம்பதாண்டு மரத்தை எந்த அரசாங்கம் ஆறு மாதத்தில் கட்டிக் கொடுக்கும்? மரத்துக்கு மாற்று மரம்தான். அதற்கு விலை பணம் மட்டுமல்ல, காலம். அந்தக் காலம் முழுவதும் தண்ணீர் விட ஒரு கை வேண்டும்.

புதுக்கோட்டை நகரத்துக்கு இது புதிய பாடமன்று. மன்னராட்சிக் காலத்தில், 1878 முதல் 1894 வரை நிர்வாகப் பொறுப்பில் இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில் நகரத்துக் குளங்கள் சீர்செய்யப்பட்டன. நேர்த்தியான தெருக்களும் குளங்களும் உள்ள ஊர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அன்று ஒரு திவானின் உத்தரவு போதுமானதாக இருந்தது. 1948 மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. 2024இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தது. படிகள் ஏறிவிட்டோம். மன்னர் காலத்தில் உத்தரவால் நடந்ததை, மக்களாட்சியில் உரிமையாகக் கேட்டுப் பெறத் தெரியாவிட்டால் ஏறிய படிகளுக்குப் பொருள் என்ன?

"குடிநீருக்கே பணமில்லை, சாக்கடைக்கே பணமில்லை, பூங்கா ஒரு கேடா?" என்று கேட்பார் சிலர். ஏழைக்காகப் பரிந்து பேசுவது போல் தோன்றும் இந்த வாதம், உண்மையில் ஏழைக்கு எதிரான வாதமாகும். வசதி உள்ளவனுக்கு வீட்டுக்குள்ளேயே தோட்டம் இருக்கிறது. குளிர்ச்சி தரும் இயந்திரமும் இருக்கிறது. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? நாள் முழுதும் மூட்டை தூக்கியவன், சித்தாள் வேலை பார்த்த தாய், தள்ளுவண்டி தள்ளியவன், ஆட்டோ ஓட்டியவன் — இவர்கள் கால்நீட்டி உட்கார ஊரில் காசு கேட்காத இடம் எது? அவர்கள் பிள்ளைகள் ஓடி விளையாட இடம் எது? பொதுப் பூங்கா பணக்காரனுக்குப் பொழுதுபோக்கு; பாட்டாளிக்கு அதுவே முற்றம், அதுவே திண்ணை. சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையில் நேப்பியர் பூங்கா என்றிருந்தது மே தினப் பூங்காவாகப் பெயர் மாறியது. பூங்கா தொழிலாளியின் இடம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

சரி, அந்த இடமாவது பத்திரமாக இருக்கிறதா? மனைப்பிரிவு போடுகிறவர்கள், பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலை நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு இடத்தைப் பொதுப் பயனுக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும் என்பது விதி. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது. ஆனால், வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிய இடம், மண்ணில் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது யார்? வேலியில்லாத பொது இடம், கேட்பாரற்ற வீட்டைப் போன்றது. முதலில் குப்பை வரும். அடுத்து ஒரு கொட்டகை வரும். பிறகு ஒரு பட்டாவே வந்தாலும் வியப்பதற்கில்லை.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1991இல் உச்சநீதிமன்றம், பூங்கா இடத்தைத் தனியாருக்கு மாற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியந்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பொது இடம் பொதுமக்களுடையது. அதைத் தூக்கிக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. புதுக்கோட்டை மாநகராட்சியாகி, சுற்றுப்புற ஊராட்சிகளின் மனைப்பிரிவுகளும் நகரோடு சேரும் இந்த நேரத்தில், இந்தத் தீர்ப்பு நமக்கு மிகவும் தேவைப்படுகிறது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி, விடையும் இருக்கிறது. கட்டுவதற்குப் பணம் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பசுமை வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் நூற்றுக்கு இரண்டரை வரை செலவிட வழி வைத்தார்கள். 2022இல் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமையாக்குவது என்று இலக்கு வைத்தது. வரவேற்கிறோம். ஆனால், திட்டப் பணம் கல்யாணச் செலவைப் போன்றது. குடும்பம் நடத்தும் செலவு மாதாமாதம் வீட்டு வருமானத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த வருமானத்தில் ஒரு பங்கை மரமே தருகிறது! புளியமர மகசூலை ஏலம் விடுகிறார்கள். கண்மாயில் மீன் பாசியை ஏலம் விடுகிறார்கள். பட்டுப்போன மரத்தையும் விழுந்த மரத்தையும் ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணம் பொதுநிதியில் கலந்து கரைந்து போகிறது. மரம் தந்த காசில் மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன?

வருமானம் வருகிறதே என்பதற்காகக் கண்ட மரத்தையும் நடச் சொல்லவில்லை. காகித ஆலைக்காகக் காட்டை அழித்து வளர்த்த தைலமரத்தை எதிர்த்து இந்த மாவட்டத்து விவசாயிகள் குரல் கொடுத்து வருவதை நாடறியும். வேம்பு, புங்கன், இலுப்பை, நாவல், ஆல், அரசு என நம் மண்ணுக்குப் பழகிய மரங்கள் எத்தனையோ உள்ளன. எங்கே எது என்பதை அறிந்து நட வேண்டும். மின்கம்பிக்குக் கீழே ஆலமரம் நட்டு, பத்தாண்டு கழித்து அதன் கிளைகளை வெட்டுவது மரத்துக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பூங்கா என்றால் பூவும் புல்லும் மட்டுமல்ல. அங்கே ஒரு தொழிலாளி இருக்கிறார். செலவைக் குறைக்கிறோம் என்ற பெயரில், ஒப்பந்தக்காரர் கையில் அவரை ஒப்படைத்து, அவர் கூலியில் கைவைப்பதை நாம் ஏற்கமாட்டோம். குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., வார விடுமுறை — இவை தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. பூச்செடிக்கு உரம் போடுகிறவன் வயிறு காய்வதற்கு நாகரிகம் என்று பெயரில்லை.

சேந்தன்குடியில் தம் நிலத்தையே சோலையாக்கி, 'மரம்' தங்கசாமி என்றே பெயர் பெற்ற பெரியவர் ஒருவர் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தார், 2018இல் மறைந்தார். கஜாவுக்குப் பின் கைக்காசு போட்டுக் குளம் தூர்வாரிய இளைஞர்களும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களை வணங்குகிறோம். ஆனால், தனிமனிதர் தியாகத்தை நம்பி ஊர்ச்சொத்தை விட்டுவிட முடியாது. மக்கள் காவல் காக்கட்டும்; கணக்குக் கேட்கட்டும்; வாரம் ஒருநாள் உழைப்பும் தரட்டும். செலவு செய்யும் கடமை உள்ளாட்சியுடையது. 1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தம், பூங்காவும் தோட்டமும் விளையாட்டுத் திடலும் நகராட்சிகளின் பொறுப்பு என்று பட்டியலிட்டே கூறியிருக்கிறது.

ஆகவே, நாம் கோருவது ஐந்து:

ஒன்று: எல்லைக்குட்பட்ட பூங்கா, திடல், பொது இடம் அனைத்தையும் அளந்து, எல்லைக்கல் நட்டு, பட்டியலை அலுவலகச் சுவரில் மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும்.

இரண்டு: மூன்றாண்டுப் பராமரிப்புச் செலவை எழுதாமல் எந்தப் பூங்காவுக்கும், எந்த மரநடவுக்கும் ஒப்புதல் தரக்கூடாது.

மூன்று: மர மகசூல், மீன் பாசி, விழுந்த மர ஏலப் பணத்தில் ஒரு பங்கு, மரப் பராமரிப்புக்கெனத் தனிக் கணக்கில் சேர வேண்டும்.

நான்கு: பராமரிப்புத் தொழிலாளிக்குச் சட்டப்படியான கூலியும் பாதுகாப்பும் தருவதை ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக்க வேண்டும்.

ஐந்து: நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை, செலவு எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ஆண்டுக்கொரு முறை மக்கள் மன்றத்தில் படிக்க வேண்டும்.

தோழர்களே! நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. கூட்டம் நடக்கும்போது வெளியே டீக்கடையில் நின்று குறை பேசிப் பயனில்லை. உள்ளே செல்லுங்கள். செல்வதற்கு முன் உங்கள் தெருவில் கன்றுகளை எண்ணுங்கள். காலிக் கூண்டுகளையும் எண்ணுங்கள். அந்த எண்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், எழுந்து நின்று படியுங்கள். கூச்சல் வேண்டாம், கணக்குப் போதும். கணக்குக் கேட்கும் தொழிலாளியைப் போல் அதிகாரத்தைத் திருத்தும் கருவி வேறொன்றில்லை.

கன்று நட்ட கைக்கு மாலை போடுகிறோம், போடட்டும். அடுத்த கோடையில் குடம் தூக்கும் கைக்குக் கூலி எழுதப்பட்டிருக்கிறதா? அதைக் கேட்காமல் இந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நிறைவேறவிடக் கூடாது.