கலைக்கு மேடை கிடைத்தது, ஆசானுக்கு?

ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் கொல்லிமலை செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. போர்க்கலை ஒன்று அரசு விழாவாவது நல்ல செய்திதான். ஆனால் அந்த அங்கீகாரத்தின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது? பிரேசிலின் கபோயிரா இதற்கு ஒரு பாடம்.

ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்ட அடிமைகள் வளர்த்த கலை இது. பாட்டும் தாளமுமாக, பார்ப்பவர் கண்ணுக்கு நடனம் போலத் தெரியும். 1888-ல் பிரேசில் அடிமை முறையை ஒழித்தது. இரண்டே ஆண்டுகளில், 1890 தண்டனைச் சட்டம் தெருவில் கபோயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. ஆறு மாதம் வரை சிறை! விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் கூடி நிற்பதே ஆட்சியாளர்களுக்கு அச்சமூட்டியது. அந்த அச்சம் பழையது. 1835 ரமளானில் சால்வடார் நகரில் ஆப்பிரிக்க முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை அவர்கள் மறக்கவில்லை.

அதே சால்வடாரில் 1932-ல் மேஸ்த்ரே பிம்பா பயிற்சிக்கூடம் திறந்தார். 1937-ல் அதற்கு அரசின் அனுமதி கிடைத்தது. மேல்தட்டு மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2014-ல் யுனெஸ்கோ கபோயிராவை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. நேற்றைய குற்றம் இன்றைய தேசப் பெருமை.

ஆனால் மேஸ்த்ரே பஸ்தின்யாவின் கதை வேறு. 1966-ல் செனகலில் நடந்த கறுப்பினக் கலை விழாவுக்கு பிரேசில் சார்பில் சென்றவர் அவர். பிறகு, சீரமைப்பு என்று சொல்லி அவருடைய பயிற்சிக்கூடத்தைக் காலி செய்ய வைத்தார்கள். இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. பார்வையிழந்து, வறுமையில், 1981-ல் இறந்தார்.

நம் சிலம்பமும் இன்று ஏறுமுகத்தில் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சி. ஆனால் விளையாட்டுத் துறை கேட்பது சான்றிதழ். கிராமத்து ஆசானிடம் இருப்பதோ கம்பும் அனுபவமும் மட்டுமே. முதிய ஆசான்களுக்குப் பயிற்றுநர் தகுதியும் மாத ஊதியமும் கிடைக்க வழி செய்யாவிட்டால், பஸ்தின்யாவுக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும்.

கலையைக் கொண்டாடுவது எளிது. அதைக் காத்தவரைக் கவனிப்பதில்தான் அரசின் நேர்மை தெரியும்.